நாயை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுப் போகலாமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"ஒரு மாதம் உங்களிடமே விட்டுவிடுகிறோம், பழக்கிக் கொடுத்துவிடுங்கள், பணம் எவ்வளவானாலும் பரவாயில்லை" என்று கேட்டு வருகிறவர்கள் இந்த ஆண்டு அதிகமாகிவிட்டார்கள். முடியாது என்று நாங்கள் சொல்வதில் சிலருக்கு மனவருத்தம். வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்லும் கடையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். காரணத்தை விளக்கமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நாய் ஒரு சொல்லைக் கற்கும்போது அந்தச் சொல்லை மட்டும் கற்பதில்லை. சொன்ன ஆள், சொன்ன இடம், அப்போது கிடைத்த தீனி எல்லாவற்றையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்கிறது. எங்கள் முற்றத்தில் பயிற்சியாளர் "உட்கார்" என்றதும் உட்காருகிற லேப்ரடார், உங்கள் வீட்டுக் கூடத்தில் நீங்கள் சொன்னால் வாலை ஆட்டிக்கொண்டு நின்று உங்கள் முகத்தையே பார்க்கும். அது திமிர் அல்ல. ஆளும் இடமும் மாறியதால் அதற்கு அது வேறு பாடம். மாதம் முழுக்க எங்களிடம் விட்டால் எங்கள் பேச்சைக் கேட்கும் நாய் ஒன்று உருவாகும். அது உங்களுக்கு எதற்கு?

அதனால்தான் எங்கள் கடை நடத்தும் ஞாயிற்றுக்கிழமை நாய்ப் பயிற்சி வகுப்புக்கு வீட்டிலிருந்து இரண்டு பேராவது வர வேண்டும் என்கிறோம். அதில் ஒருவர் நாய்க்குச் சோறு வைப்பவராக இருக்கட்டும். பணம் கட்டுபவர் வந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். பல வீடுகளில் நாய் யார் பேச்சைக் கேட்கிறதோ அவர் அடுப்படியில் இருக்கிறார்.

வகுப்பில் கற்றுத் தருவது ஐந்தே சொற்கள்: உட்கார், இரு, வா, விடு, நட. "கூட வா" என்று சொல்லிப் பழகியவர்கள் "நட" என்று மாற்றிக்கொள்ளுங்கள், "வா"வோடு குழம்பும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும், ஒரு முறைதான் சொல்ல வேண்டும். "உட்கார், உட்கார், உட்கார்டா கண்ணா" என்று அடுக்கினால், மூன்றாவது முறை சொல்லும்போது உட்கார்ந்தால் போதும் என்று நாய் கற்றுக்கொள்ளும்.

"உட்கார்" எப்படிப் பழகுகிறது என்று பாருங்கள். உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழியில் கொண்டைக்கடலை அளவு ஒரு துண்டு. மூக்கை ஒட்டிப் பிடித்து, மெதுவாக நெற்றிக்கு மேலாகப் பின்பக்கம் நகர்த்துங்கள். மூக்கு மேலே போகப் போகப் பின்புறம் தானாகத் தரையில் இறங்கும். தரையைத் தொட்ட அந்தக் கணமே "சபாஷ்", உடனே தீனி. நீங்கள் பையில் கைவிட்டுத் தேடி எடுப்பதற்குள் நாய் எழுந்துவிட்டால், எழுந்ததற்குக் கூலி கொடுத்தவர் ஆகிறீர்கள். கை உயரமாகப் போனால் குதிக்கும். வகுப்பில் பாதி நேரம் உங்கள் கையின் உயரத்தைச் சரிசெய்வதிலேயே போகிறது. வீட்டில் ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. அதற்கு மேல் வேண்டாம். நாய்க்குச் சலிப்பதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

ஐந்தில் உயிரைக் காப்பது "வா". அதைக் கெடுப்பவர்களும் நாம்தான். குளிப்பாட்ட, காதில் மருந்து விட, விளையாட்டை முடித்து வீட்டுக்கு இழுத்துப் போக என்று எல்லாவற்றுக்கும் "வா" என்றே கூப்பிட்டால், அந்தச் சொல் காதில் விழுந்ததும் நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அப்படிப்பட்ட வேலைகளுக்கு நீங்களே போய் அழைத்து வாருங்கள். கதவு திறந்திருந்த நேரம் தெருவுக்கு ஓடி, அரை மணி நேரம் அலைக்கழித்துவிட்டுத் திரும்பி வந்தாலும் அடிக்காதீர்கள். அதன் கணக்கில் அந்த அடி ஓடியதற்கு அல்ல, வந்ததற்கு.

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இவை முயலைக் கண்ணால் கண்டு துரத்துவதற்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட வேட்டை நாய்கள். ஓடுவது எதுவாவது கண்ணில் பட்டுவிட்டால் உங்கள் குரல் காதில் ஏறாது. எவ்வளவு நன்றாகப் பழகியிருந்தாலும் வேலியில்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். பத்து மீட்டர் நீளக் கயிறு போதிய சுதந்திரம் கொடுக்கும். ராஜபாளையம் நாயின் சிக்கல் வேறு. புதியவர்களை அது எளிதில் ஏற்காது. பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பதினான்காவது வாரம் வரைதான் எந்தக் குட்டிக்கும் உலகம் பழகும் பருவம். அதற்குள் குடை, ஹெல்மெட், ஆட்டோ, குழந்தைகள், தாடிக்காரர்கள் எல்லோரையும் பார்த்திருக்க வேண்டும். தடுப்பூசி முடியவில்லை என்றால் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இனி கடையில் அடிக்கடி நடக்கும் ஒரு வழக்கு. "தப்புச் செய்தது அதற்கே தெரியும் சார், நான் உள்ளே நுழைந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறது" என்பார்கள். 2009இல் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்னக் கூடாது என்று சொன்ன தீனியை நாய் தின்றதா இல்லையா என்பது குறித்து உரிமையாளர்களிடம் சில முறை பொய்யான தகவல் சொல்லப்பட்டது. குற்றமுகம் காட்டுவது தின்றதைப் பொறுத்து அமையவில்லை, உரிமையாளர் திட்டியதைப் பொறுத்தே அமைந்தது. தின்னாத நாயும் திட்டு வாங்கினால் அதே முகத்தைத்தான் காட்டியது. ஆகவே காலையில் கடித்த செருப்புக்கு மாலையில் விசாரணை நடத்துவதால் பயனில்லை. செருப்பை அலமாரியில் வையுங்கள், கடிக்க வேறொன்று கொடுங்கள். குட்டிகளுக்கு நான்கு மாதத்திலிருந்து ஆறு, ஏழு மாதம் வரை பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும். அப்போது கடித்தே தீரும்.

கழுத்தை இறுக்கும் சங்கிலியும் முள் பட்டையும் நாங்கள் விற்பதில்லை. கேட்டாலும் வரவழைத்துத் தருவதில்லை. மூச்சுக்குழாயை நெரிப்பது பாடம் ஆகாது. இழுக்க இழுக்க நீளும் கயிற்றையும் பயிற்சிக்கு வாங்காதீர்கள். இழுத்தால் இடம் கிடைக்கும் என்பதைத்தான் அது ஒவ்வொரு அடியிலும் சொல்லிக்கொடுக்கிறது. ஆறடி சாதாரணக் கயிறும் மார்புப் பட்டையும் போதும். நாய் இழுத்தால் அப்படியே நின்றுவிடுங்கள், கயிறு தளர்ந்ததும் நடங்கள். முதல் வாரம் தெருமுனை வரை போகவே நேரம் ஆகும். எதிர்வீட்டுக்காரர் பார்த்துச் சிரிப்பார்.

உறுமுகிற நாயை உறுமியதற்காக அடக்காதீர்கள். எச்சரிக்கையை நிறுத்திவிட்டால் அடுத்து நேராகக் கடிதான். இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்; காதுப் புண்ணோ மூட்டு வலியோ இருக்கலாம். ஆளைக் கடித்த நாய்களை ஞாயிறு வகுப்பில் சேர்ப்பதில்லை, தனியாக நேரம் ஒதுக்கிப் பார்க்கிறோம்.

மதுரை வெயில் தெரிந்ததே. ஏப்ரல், மே மாதங்களில் வகுப்பு காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழுக்குள் முடிந்துவிடும். வீட்டில் நடக்க அழைத்துப் போகும்போதும் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள். ஐந்து நொடி தாங்கவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

வரும்போது தடுப்பூசிப் புத்தகம், ஆறடிக் கயிறு, கோழித் துண்டுகள், குடிக்கத் தண்ணீர் கொண்டு வாருங்கள். அன்று காலைத் தீனி மட்டும் வைக்காதீர்கள். வயிறு நிறைந்த நாய்க்குக் கோழியும் ஒன்றுதான், கல்லும் ஒன்றுதான். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய்களுக்கும் இதே வகுப்புதான், இதே கட்டணம்தான். வயது பத்து ஆகியிருந்தாலும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் பயிற்சியாளர்களும்
மதுரை