மூன்று நிமிடத்தை விடு, மூன்று நாளுக்கு வா

கோட்டையூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பினாங்கு யானைக்கு,

உன் குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். "போதும் மாப்ளே, செஸ் ஆப்பை அழித்துவிட்டேன், இனி அந்தப் பக்கமே வரமாட்டேன்" என்கிறாய். பின்னால் உன் பேரன் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆனால் உன் குரலில் சிரிப்பு இல்லை. வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் நீ கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவாய். ஆட்டத்துக்குள் இருக்கிற சாட் பெட்டியில் இரண்டு வரிக்கு மேல் இடம் கிடையாது. அதனால்தான் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். ஒரு வாரமாக மழை. இரண்டாம் கட்டில் ஓடு ஒழுகியதால் ஆள் விட்டுப் பிரித்து மாற்றினேன். பழைய நாட்டு ஓட்டுக்குச் சுற்றி அலைந்து, கடைசியில் ஊரில் ஒரு வீடு இடித்த இடத்தில் கிடைத்தது. அதை மட்டும் நேரில் சொல்கிறேன், மனசு கனத்துப் போகிற கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ ஆப்பை அழித்தாலும் உன் ஆட்டங்கள் நாம் ஆடுகிற லிசெஸ் இணையதளத்தில் அப்படியே இருக்கின்றன. அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி நீ தொடர்ந்து தோற்ற ஏழு ஆட்டத்தையும் ஒன்றுவிடாமல் போட்டுப் பார்த்தேன். ஏழுமே மூன்று நிமிட ஆட்டம், முழு ஆட்டத்துக்கும் ஆளுக்கு மூன்றே நிமிடம். அதில் ஐந்தில் நீ காயில் தோற்கவில்லை, கடிகாரத்தில் தோற்றிருக்கிறாய். நாலாவது ஆட்டத்தில் உனக்கு ஒரு யானை அதிகம், சிப்பாய் ராணியாக ஒரே கட்டம் பாக்கி என்று ஏழாம் வரிசையில் நிற்கிறது, கையில் இருந்தது நாலு விநாடி. எதிரில் ஆடியது யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருக்கும். நீ யோசிக்கும்போதே அது அடுத்த நகர்த்தலை முன்கூட்டியே போட்டு வைத்துவிடுகிறது. விரலுக்கு இருக்கிற வேகம் அது. அதை வைத்து உனக்குச் செஸ் வராது என்று யார் சொன்னது? ரேட்டிங், அதாவது ஆட்டத் திறமைக்குப் போடுகிற எண், 1500க்குக் கீழே இறங்கியது உனக்கு அவமானமாகப் படுகிறது, புரிகிறது. ஆனால் அங்கே புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் முதலில் கொடுக்கிற எண்ணே அதுதான். அது உன் ஜாதகம் இல்லை.

உங்கள் ஐயா நம்மை உட்கார வைத்த முதல் நாள் நினைவிருக்கிறதா? ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவு. உங்கள் வீட்டு வளவைச் சுற்றிய நடையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்திருக்கும். அதில் எட்டுக்கு எட்டு எண்ணிக் கரிக்கோடு போட்டோம். ராஜாவுக்கு வெண்கலச் சொம்பு, யானைக்கு அரைப்படி, சிப்பாய்க்குச் சோழி. குதிரைக்கு ஒன்றும் கிடைக்காமல் நீ ஆச்சியின் பாக்குவெட்டியைக் கொண்டுவந்து வைத்தாய். ஐயா மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்துவந்து, திட்டுவார் என்று பார்த்தால், குனிந்து அந்தப் பாக்குவெட்டியை எடுத்துச் சரியான கட்டத்தில் வைத்தார். மறுநாள் பர்மாவிலிருந்து வந்த அந்தத் தேக்குப் பலகை முகப்புக்கு வந்துவிட்டது.

அவர் ஆடியது நாட்டு ஆட்டம். ராணி என்று சொன்னால் கோபம் வரும், அது மந்திரி. சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் போகும். கோட்டை கட்டுகிற வேலையெல்லாம் கிடையாது. அதற்குப் பதில் ராஜா, செக் வாங்காத வரைக்கும், ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவிக்கொள்ளலாம். அந்தத் தாவலை அவர் எவ்வளவு நேரம் கையில் வைத்திருப்பார்! நாம் மறந்தே போயிருப்போம். வெற்றிலை போட்டு, எச்சில் துப்பி வந்து, துண்டால் வாயைத் துடைத்து, அப்புறம் ராஜாவைத் தூக்கி வைப்பார். ஒரு ஆட்டம் காலையில் ஆரம்பித்துச் சாப்பாட்டுக்கு நிறுத்தி, விளக்கு வைக்கிற நேரம் வரை போகும். நீ ஆட்டம் கற்றது அந்த வேகத்தில். உன் தலை அந்த வேகத்துக்குப் பழகிய தலை. அதைக் கொண்டுபோய் மூன்று நிமிடத்துக்குள் திணித்தால் எப்படி?

உலக சாம்பியன் போட்டியையே எடுத்துக்கொள். முதல் 40 நகர்த்தலுக்கு ஆளுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். 2024 டிசம்பர் 12, பதினாலாவது ஆட்டம், சிங்கப்பூரில். உனக்கு மாலை ஐந்து மணி, எனக்கு மதியம் இரண்டரை. போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் பார்த்தோமே. இது டிராதான் என்று நான் காபி போட எழுந்துவிட்டேன். 55ஆவது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையைக் கொண்டுபோய் குகேஷின் யானைக்கு நேரே வைத்தார். நீதான் கத்தினாய், "மாப்ளே, யானையை மாற்றினால் பிஷப்பும் போகும்டா!" என்று. திரையில் ஓரமாக ஓடுகிற எஞ்சின், அதுதான் செஸ் கம்ப்யூட்டர், போடுகிற கணக்கை நான் பார்க்கிறதற்குள் நீ சொல்லிவிட்டாய். அப்படியேதான் நடந்தது. யானைகள் மாறின, பிஷப்புகள் மாறின, வெறும் ராஜாவும் சிப்பாயும் மிஞ்சியது, 58ஆவது நகர்த்தலோடு முடிந்தது. பதினெட்டு வயசுப் பிள்ளை உலக சாம்பியன். அதைப் போனில் கேட்டபடி கண்டுபிடித்தவன் நீ. உனக்குச் செஸ் வராதா?

அழுதுகொண்டே அந்தப் பிள்ளை காய்களை எல்லாம் திரும்பப் பலகையில் அடுக்கி வைத்தானே, அப்போது நீ போனில் பேசவே இல்லை. எனக்குத் தெரியும் நீ யாரை நினைத்தாய் என்று. ஜெயித்தாலும் தோற்றாலும் காயை அடுக்காமல் பலகையை விட்டு எழுந்தால் ஐயா சோறு போட விடமாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் நாம் ஆடிய அந்த டிரா. எனக்கு ஒரு சிப்பாய் அதிகம். கட்டத்தின் பெயரோடு சொல்கிறேன்: என் சிப்பாய் இ4, உன் ராஜா இ8, என் ராஜாவை எஃப்4லிருந்து இ5க்குக் கொண்டு வந்தேன். நீ டி7 போனாலும் எஃப்7 போனாலும் பின்வாங்கினாலும் நான் ஜெயித்திருப்பேன். உன்னைக் காப்பாற்றுகிற கட்டம் ஒன்றே ஒன்றுதான், நேருக்கு நேர் இ7. நீ அங்கே வந்து நின்றாய். நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நீயும் அந்தப் பக்கம் நகர்ந்து எதிரே நின்றுகொண்டாய். எவ்வளவு நேரம் எடுத்தாய் தெரியுமா? நாற்பத்தொரு விநாடி. மூன்று நிமிட ஆட்டத்தில் அந்த நாற்பத்தொரு விநாடி உனக்கு யார் தருவார்கள்? எனக்கு வெற்றி போன வருத்தம் இருந்தது, ஆனால் அன்று ராத்திரி முழுக்க அந்த இ7 தான் மனசில் நின்றது. அவ்வளவு அழகு.

பஞ்சாயத்து ஒன்றும் பாக்கி இருக்கிறது. ஆடி மாதத்தில் நான் ஜெயிக்கிற ஆட்டத்தில் இங்கே கரண்ட் போய், நெட் அறுந்து, என் நேரம் தீர்ந்தது. அதை உன் நோட்டில் உன் வெற்றியாக எழுதி வைத்திருக்கிறாய். 2020 ஆன்லைன் செஸ் ஒலிம்பியாட் இறுதியில் நம்ம அணியின் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இதேபோல் இணைப்பு அறுந்துபோய், கடைசியில் இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் தங்கத்தைப் பகிர்ந்து கொடுத்தார்கள். உலகச் செஸ் கூட்டமைப்பே ஒத்துக்கொண்ட நியாயம் அது. நீ ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறாய். ஆளுக்கு அரை என்று திருத்தி எழுது, நான் ஊரில் யாரிடமும் சொல்லமாட்டேன்.

நம்ம வயசைப் பற்றி நீ பேசியதும் சரியில்லை. ஆனந்தும் நம்ம வயசுதான். 1987இல் அவர் உலக ஜூனியர் பட்டம் வாங்கியபோது பேப்பரில் வந்த படத்தை நீ வெட்டி உன் பெட்டி மூடிக்குள் ஒட்டினாய். மறு வருஷம் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது நாம் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரருக்கு, அவருக்குச் செஸ் தெரியாது, அரை மணி நேரம் விளக்கிச் சொன்னோம். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தத் தம்பி நம்ம மாயவரமா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது நான் கேட்பது இதுதான். ஆப்பைத் திரும்பப் போடு. மூன்று நிமிட ஆட்டத்தை விட்டுவிடு, அது பேரப்பிள்ளைகளுக்கு இருக்கட்டும். லிசெஸ்ஸில் கரஸ்பாண்டன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். காலையில் நீ கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஒன்று போடு, நான் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஒன்று போடுகிறேன். ஓப்பனிங் புத்தகம் பார்த்து ஆடலாம், அதற்கு அனுமதி உண்டு. எஞ்சின் மட்டும் கூடாது. அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஆட்டம் முடிய நாலு மாதம் ஆகட்டும், ஆறு மாதம் ஆகட்டும். மாப்ளே, எனக்கு ரேட்டிங் பெரிசு இல்லை. காலையில் போனை எடுத்ததும் நீ ஒரு காயை நகர்த்தியிருக்கிறாய் என்று தெரிந்தால், நீ அங்கே எழுந்து, காபி குடித்து, நன்றாக இருக்கிறாய் என்று தெரிகிறது. இந்தப் பத்து நாளும் அது இல்லாமல் இருந்தது எனக்கு என்னவோ போல் இருந்தது.

தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பார்த்துவிட்டு மாசியில் வருகிறேன் என்றாய். வா. முகப்பைக் கழுவி வைக்கிறேன். சீயமும் கந்தரப்பமும் உன் தங்கச்சி செய்துவிடுவாள், காரமான மிளகாய்ச் சட்னியோடு. ஐயாவின் பலகையில் ஒரு மூலை பூச்சி அரித்திருந்தது, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். அன்று குதிரைக்காக நீ வைத்த அந்தப் பாக்குவெட்டியும் பக்கத்திலேயே இருக்கிறது.

மூன்று நாள் ஆட்டத்துக்கு இன்று காலையிலேயே அழைப்பு அனுப்பிவிட்டேன். காய்கள் அடுக்கியாயிற்று. வெள்ளை உனக்கு.

அன்புடன்,
கோட்டையூர்க் குதிரை