சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26: வேலையிழந்த ஆலைத் தொழிலாளர்களின் மறுபயிற்சியும் மறுவேலையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பேரவைக்கு வருகை தந்திருக்கும் தொழிலாளத் தோழர்களுக்கும் சகோதரிகளுக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நமது சங்கம் ஆற்றிய பணிகளைப் பற்றிய அறிக்கையைப் பேரவையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்க இருப்பதால், வேலை இழந்தவர்களுக்கு நாம் செய்ய முடிந்தவை, செய்ய முடியாமல் போனவை ஆகிய இரண்டை மட்டுமே இங்கே விவரிக்கிறேன்.

ஆலை மூடல் சேலம் மாவட்டத்துக்குப் புதிதன்று. நகரத்தின் பழைய நூற்பாலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்ததை நம்மில் மூத்தவர்கள் கண்ணால் கண்டவர்கள். உலகச் சந்தையில் அலுமினிய விலை சரிந்த 2008-ஆம் ஆண்டில் மேட்டூரில் அலுமினிய உருக்காலை நின்றபோது, ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டியவர்கள் வரை அதன் தாக்கம் போயிற்று. மாமாங்கம், வெள்ளக்கல்பட்டிப் பகுதிகளின் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்களும் தொடர்ந்து வேலை தந்ததில்லை. ஓடிய காலமும் உண்டு, நின்ற காலமும் உண்டு. இவ்வளவு அனுபவம் இருந்தும், வேலை போன மறுநாள் ஒரு தொழிலாளி எங்கே போய் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதற்கு நம் ஊரில் ஏற்பாடு ஏதும் இல்லாதிருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கவே சூரமங்கலத்தில் நமது சங்கம் தொடங்கப்பட்டது என்பதைப் புதிய உறுப்பினர்களுக்காகக் குறிப்பிடுகிறேன்.

இவ்வாண்டு நம்மிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஓமலூர் வட்டாரத்தில் உற்பத்தியை நிறுத்திய ஒரு நூற்பாலையைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். அறுந்த நூலை ஒட்டும் சைடராகவும், நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றும் டாப்பராகவும், நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங்கிலும் பல ஆண்டுகள் உழைத்தவர்கள். வார்ப்படப் பட்டறைகளிலும் சிறு எஞ்ஜினியரிங் கம்பெனிகளிலும் ஆர்டர் குறைந்ததால் நிறுத்தப்பட்டவர்கள் அடுத்த நிலையில் வந்தனர்.

பயிற்சி வகுப்புகளைவிட, ஒவ்வொருவரும் எந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு ஆலையை விட்டு வெளியே வந்தார் என்பதைக் கண்டறிந்து சரிசெய்வதிலேயே சங்கத்துக்கு அதிக நேரம் பிடித்தது. இதைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம் என்று கருதுகிறேன். “கணக்கு முடிச்சுக் குடுத்துட்டாங்க சார், இனிமே அங்க நமக்கு என்ன இருக்கு” என்றுதான் ஏறக்குறைய எல்லோரும் பேச்சைத் தொடங்கினார்கள். காகிதத்தை வாங்கிப் பார்த்தால், “எனது சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்” என்று அச்சிட்ட படிவத்தில் தேதி கூட இல்லாமல் கையெழுத்து மட்டும் இருக்கும். அந்த ஒரு வரியால் தொழிலாளி இழப்பது சிறிதன்று. ஆட்குறைப்பு என்று பதிவானால் ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான ஊதியமோ கிடைக்க வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகக் கிடைக்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பின்படி, ஆட்குறைப்புக்கு உள்ளான தொழிலாளிக்கு, வேறு திறன் கற்பதற்கென அமைந்த மறுதிறன் நிதியிலிருந்து கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 15 நாள் தொகை, 45 நாட்களுக்குள் அவர் கணக்கில் சேர வேண்டும். தானாக விலகியவர் என்று எழுதப்பட்டவருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

இ.எஸ்.ஐ. உதவியும் அப்படித்தான். 2005 முதல் நடப்பில் உள்ள ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டத்தில், ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்து, குறைந்தது இரண்டு ஆண்டுகள் சந்தா செலுத்தியிருப்பவருக்கு, முதல் 12 மாதம் ஊதியத்தில் 50 சதவீதமும் அடுத்த 12 மாதம் 25 சதவீதமும் உதவித்தொகை உண்டு. அக்காலம் முழுவதும் குடும்பத்துக்கு மருத்துவ வசதி தொடரும்; திறன் பயிற்சிக்கான கட்டணத்தையும் பயணச் செலவையும் இ.எஸ்.ஐ. கழகமே ஏற்கும் ஏற்பாடும் அதில் உள்ளது. மறுபயிற்சி பெறும் மாதங்களில் அடுப்பு எரிவதற்கு வழி இருந்தால்தான் ஒருவர் வகுப்பில் நிம்மதியாக உட்கார முடியும் என்பதால், இத்திட்டத்தைப் பயிற்சியின் முதல் பாடமாகவே நான் கருதுகிறேன். நூற்பாலைத் தொழிலாளர்கள் கையெழுத்திட்ட விலகல் படிவங்களை எதிர்த்துத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் மனு கொடுத்திருக்கிறோம். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதால் அந்த நிர்வாகத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். தங்கள் பகுதியில் எந்த ஆலையிலாவது ஆட்களை நிறுத்தப்போவதாகச் செய்தி கசிந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் நமக்குத் தெரிவிக்கும்படி ஒவ்வோர் உறுப்பினரும் சொல்லிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பி.எஃப். விஷயத்தில் பெயர், பிறந்த தேதிப் பிழைகளே பெரும் தொல்லையாக இருந்தன. ஆதாரில் ஒரு முன்னெழுத்து, ஆலைப் பதிவேட்டில் வேறொரு முன்னெழுத்து, திருமணத்துக்குப் பின் மாறிய பெயர் என்று பெண் தொழிலாளர்களின் கணக்குகள் பல முடங்கிக் கிடந்தன. ஆலை அலுவலகம் பூட்டப்பட்ட பிறகு திருத்தத்துக்கு ஒப்பமிட ஆள் கிடைப்பதில்லை. இதனுடன் சேர்த்து ஓர் எச்சரிக்கையையும் பதிவு செய்கிறேன். பத்து ஆண்டுப் பணி நிறைவடையாதவர்கள் அவசரப்பட்டு ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாகப் பணிக்காலச் சான்றிதழ் பெற்று வைத்துக்கொண்டால், அடுத்து சேரும் நிறுவனத்தில் அந்த ஆண்டுகள் தொடர்ந்து கணக்கில் சேரும். ஏழெட்டு ஆண்டு உழைத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுக் குறையில் வாழ்நாள் ஓய்வூதியத்தைக் கைவிடுவது நம் மக்களுக்கு நேரக் கூடாத இழப்பு.

இனி, பயிற்சிகளைப் பற்றி.

வேலை இழந்த நடுத்தர வயதினருக்கு முற்றிலும் புதிய தொழிலைக் கற்றுக்கொடுப்பதைக் காட்டிலும், கையில் ஏற்கெனவே இருக்கும் தொழிலுக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்து, குறையும் பகுதியை மட்டும் கற்பிப்பதே பலன் தருகிறது என்பது நமது சங்கத்தின் உறுதியான கருத்து. திறன் திட்டங்களில் பல இளைஞர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. ஊரக இளைஞர்களுக்கான தீனதயாள் திட்டத்தின் பொது வயது வரம்பு 35. 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் பெரும்பாலும் மாணவர்களுக்கானது. அவை நல்ல திட்டங்கள். நம் பிள்ளைகள் பயனடைகிறார்கள். ஆனால் 47 வயதில் ஆலை வாசலுக்கு வெளியே நிற்பவருக்கு அவற்றில் இடமில்லை. பிரதமரின் திறன் திட்டத்தில், ஏற்கெனவே உள்ள திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் ஆர்.பி.எல். முறை 59 வயது வரை திறந்திருப்பதால், தகுதியுள்ள ஒவ்வொருவரையும் அதற்கே முதலில் அனுப்புகிறோம்.

இந்தக் கருத்துக்கு மிக வலுவான சான்று மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது நிறைந்து, ஒயரிங் வேலையில் ஐந்தாண்டு அனுபவம் இருந்தால் போதும். மேல் வயது வரம்பு இல்லை. ஆலை எலக்ட்ரிக்கல் பிரிவில் ஹெல்பராக இருந்தவர்கள் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை இருட்டிலும் பிரித்துப் பூட்டுவார்கள். மூன்று பேஸ் மோட்டார் எரிந்த வாசனையை வைத்தே காரணம் சொல்வார்கள். ஆனால் மாடிப்படி விளக்குக்கு டூ-வே சுவிட்ச் இணைப்பைத் தாளில் வரைந்து காட்டச் சொன்னால் பேனா நகராது. சங்க அறையின் பின்புறச் சுவரில் பலகைகளை அடித்து, அதில் மாடிப்படி ஒயரிங், குடோன் ஒயரிங், மெயின் போர்டு ஆகியவற்றை அவர்களே பொருத்தி, பொருத்தியதை வரைந்து, வரைந்ததை மற்றவருக்கு விளக்கும்படி மாலை வகுப்பு நடத்தினோம். தேர்வு எழுதியவர்களில் பெரும்பாலோர் தேறினர். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால், கூரைகளில் சூரியத் தகடு பொருத்தும் வேலை நம் மாவட்டத்திலும் பெருகியிருக்கிறது. தேறியவர்களில் பலர் அவ்வேலைக்குச் சென்றுள்ளனர். ஆலையில் பெற்றதைவிடக் குறைவான சம்பளத்தில் தொடங்கியவர்களும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேட்டு வைக்கும் பணியில் இருந்தவர்களின் நிலை வேறு. சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் வழங்கிய பிளாஸ்டர் (வேட்டு வைப்பவர்), மேட் (வேலை மேற்பார்வையாளர்) சான்றிதழ்கள் அவர்களிடம் இருந்தும், அவை கிரானைட் குவாரிகளிலும் மதிப்புடையவை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பழைய டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துவந்த சான்றிதழ்களைப் புதுப்பிப்பதற்கான மருத்துவப் பரிசோதனைக்கும் விண்ணப்பத்துக்கும் சங்கம் துணை நின்றது. இவர்களுக்குத் தேவைப்பட்டது வகுப்பன்று, வழிகாட்டல்.

நூற்பாலைப் பெண்களுக்கான தையல் பயிற்சியே இவ்வாண்டின் பெரிய பொறுப்பாக இருந்தது. நூல் நூற்கும் இயந்திரமான ரிங் பிரேமின் நீளத்துக்கு ஷிப்ட் முழுவதும் நடந்தே பழகிய கால்கள் அவை. பவர் மெஷின் முன் உட்கார்ந்ததும் முதல் வாரம் முதுகும் முட்டியும் ஒத்துழைக்கவில்லை. நூல் கோக்காமல், கோடிட்ட தாளின் மேல் ஊசி ஓடும்படி பெடலை அழுத்திப் பழகுவதே தொடக்கப் பயிற்சி. சற்று அழுத்தினால் மெஷின் பாய்ந்து தாள் கிழியும். “அறுந்த நூலைக் கண்ண மூடிக்கிட்டு ஒட்டுன கை சார், இந்தத் தாளுக்கு நடுங்குது” என்றார் ஒரு சகோதரி. அவரே இரண்டாம் மாதத்தில் காலர் தைக்கும் பிரிவில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வந்தார். நுண்ணிய இழையை விரலால் உணரும் திறனும், எட்டு மணி நேரம் கவனம் சிதறாத பழக்கமும் ஆலை அவர்களுக்குக் கொடுத்த சொத்துகள். பயிற்சியாளர்கள் இதைப் புரிந்துகொண்ட பிறகு வகுப்பு வேகம் பிடித்தது.

ஆயினும், பயிற்சி முடிந்தவர்கள் வேலைக்குச் சேரும் நேரத்தில் நிலைமை மாறியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதமாக உயர்த்தியதால், ஆட்களை எடுப்பதாக வாக்களித்திருந்த ஏற்றுமதி ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்று பின்வாங்கியது. வீட்டிலிருந்தே கொலுசு வேலைக்குப் போகலாம் என்று எண்ணிய சிவதாபுரம், பள்ளப்பட்டிப் பெண்களுக்கும், அதே ஆண்டில் வெள்ளி விலை கடுமையாக ஏறியதால் பட்டறைகளில் வேலை சுருங்கியது. தைக்கத் தெரிந்தும் வேலையின்றி இருந்தவர்களைக் கொண்டு பள்ளிச் சீருடை, மருத்துவமனைப் படுக்கை விரிப்பு, கடைகளுக்கான துணிப்பை ஆகிய உள்ளூர் ஆர்டர்களைப் பெற்றுத் தைக்கும் குழு ஒன்றை அமைத்தோம். அதன் வருமானம் இன்னும் நிலையாகவில்லை. சில மாதம் நன்றாகவும் சில மாதம் மிகக் குறைவாகவும் இருக்கிறது. ஒரே நிறுவனத்தையோ ஒரே சந்தையையோ நம்பி ஒரு பயிற்சி அணி முழுவதையும் தயார் செய்வதில்லை என்று செயற்குழு இதன் பின் முடிவெடுத்துள்ளது.

ஏற்காடு மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள், வேலை போனதும் மலைக்கே திரும்பிவிடுகிறார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காபி பறிப்பு நடக்கும் காலத்தில் அவர்களை வகுப்புக்கு அழைப்பது பயனற்றது. அன்றாடக் கூலியை விட்டுவிட்டுக் கீழே இறங்கி வர அவர்களால் இயலாது. ஆகையால் மலைப்பகுதி உறுப்பினர்களுக்கான பயிற்சியை மார்ச் மாதத்துக்கு மாற்றினோம். வருகை உடனே உயர்ந்தது.

சொந்தத் தொழில் கேட்டு வந்தவர்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தின் வழியாகப் பிரதமரின் வேலை உருவாக்கத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க உதவினோம். அத்திட்டத்தில் மேல் வயது வரம்பு இல்லாதது நம்மவர்களுக்குப் பெரிய வாய்ப்பு. வங்கிகளில் கடன் ஒப்புதல் தாமதமாவதே தடையாக உள்ளது. பணிக்கொடைப் பணம் முழுவதையும் ஒரே தொழிலில் போட வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் வலியுறுத்திச் சொல்லி வருகிறோம்.

மறுபயிற்சிக்கென அரசு ஒதுக்கும் பணம் எப்படிச் செலவாகிறது என்பதில் நாம் விழிப்புடன் இருக்க வேண்டிய காரணம் உண்டு. 1992-இல் மைய அரசு தேசியப் புனரமைப்பு நிதியை அமைத்தபோது, வேலை இழப்போருக்குப் பயிற்சியும் மறுவேலையும் தருவது அதன் நோக்கங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. நடைமுறையில் அதன் பெரும்பகுதி பொதுத்துறை நிறுவனங்களின் விருப்ப ஓய்வுத் தொகைக்கே சென்றது. பயிற்சிக்குச் சேர்ந்தது சிறு பங்கு. புதிய மறுதிறன் நிதியின் 15 நாள் ஊதியமும் கைக்கு வந்த வாரத்திலேயே வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கரைந்துவிடும். அதனுடன் பயிற்சி இடமும், பயிற்சிக் காலத்துக்கான படியும் இணைக்கப்பட வேண்டும் என்று கோரி மாவட்ட நிர்வாகத்துக்கும் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்கும் மனு அளித்துள்ளோம். கோரிமேட்டிலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமும் அரசினர் தொழிற்பயிற்சி நிலையமும் இவ்வாண்டு அளித்த ஒத்துழைப்புக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். ஆட்குறைப்பு நடக்கும் ஆலைகளின் வாசலிலேயே, கணக்கு முடிக்கும் நாளுக்கு முன்பு, காகிதங்களைப் படித்துச் சொல்லும் முகாம் நடத்துவது; மின்கம்பியாள் உதவியாளர் தேர்வுக்கான வகுப்பை ஆண்டு முழுவதும் நடத்துவது, அதில் பெண்களையும் சேர்ப்பது; தையல் குழுவைக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்வது. மூன்றாவது தீர்மானத்தைக் குழுவிலுள்ள சகோதரிகளே முன்மொழிய விரும்புவதால், அவர்களுக்கு முதலில் பேச வாய்ப்பளிக்குமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பேரவையின் ஏற்புக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
சூரமங்கலம், சேலம்