வெந்நீர் அடுப்பு

அன்பு மகன் சூசைக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

உனக்குப் போன் எடுக்க நேரமில்லை போலிருக்கிறது. பரவாயில்லை, பரீட்சை நேரமாக இருக்கும். பூனாவில் நல்ல குளிர் என்று பேப்பரில் போட்டிருந்தான். ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

எழுதும் காரணம், கோயில் நூற்றாண்டு மலருக்கு நீ குருவாகப் படிக்கும் குருமடத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லிப் பங்குச் சாமி கேட்டிருக்கிறார். "பிரதரோட அப்பா நீங்கதான் எழுதணும்" என்றார், எல்லோர் முன்னாலும். எனக்கு அதில் கர்வம் இல்லை என்று சொன்னால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு நீ அனுப்பிய மெசேஜ் அவருக்கு அனுப்பியதைவிடச் சின்னது. அவர் காட்டினார்.

சரி, கட்டுரையைப் பார்த்துத் திருத்து. 1893 ஜூனில் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் (லியோ) ஒரு சுற்றுமடல் எழுதினார். வெளிநாட்டுக் குருக்களையே நம்பி எத்தனை காலம் ஓட்டுவது, இந்த மண்ணின் பிள்ளைகளைப் படிக்கவைத்துக் குருவாக்க வேண்டும் என்பது சாரம். அதே வருஷம் கண்டியில், அம்பிட்டியாவில், குருமடம் தொடங்கியது. இந்தியாவுக்கான குருமடம் இலங்கையில் எதற்கு என்று நம் ஆட்கள் கேட்பார்கள். பாப்பரசரின் பிரதிநிதி சலேஸ்கி ஆண்டகை கண்டியில்தான் இருந்தார் என்று எழுதியிருக்கிறேன். போலந்துக்காரர். செடிகொடிகளைப் படமாக வரைந்து வைப்பாராம், எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பெல்ஜியம் சேசு சபைக் குருக்கள் பாடம் நடத்தினார்கள். மெய்யியலும் இறையியலும் லத்தீனில். 1926-இல் ரோமாபுரி படிப்புப் பட்டம் வழங்கும் அதிகாரம் கொடுத்தது. இந்தியாவே, உன் பிள்ளைகளே உனக்கு மீட்பின் பணியாளர்கள் என்பது விருதுவாக்கு. 1955-இல் பூனாவுக்கு மாறியது. கல்லூரிக்கு ஞானதீபம் என்ற பெயரெல்லாம் அப்புறம்தான்.

உன் ஆறாம் பட்டத்துக்கென்று, அதுதான் குருப்பட்டத்துக்கு முந்தினதுக்கு, அம்மா பட்டுப்புடவைச் சீட்டுக் கட்டுகிறாள். கட்டாதே என்று நான் சொல்லவில்லை. கட்டு என்றும் சொல்லவில்லை. நகர் ரோட்டில் லாரி அதிகம், பார்த்துப் போ. குளிருக்கு ஸ்வெட்டர்.

நம் பங்கிலிருந்து கண்டிக்குப் போனவர் என்று என் பெரியப்பா, உங்கள் கண்டித் தாத்தா, பெயரை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். போட் மெயிலில் தனுஷ்கோடி, கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து ரயிலில் கண்டி. நாலு வருஷம் கழித்து அதே வழியில் திரும்பினார், குருப்பட்டம் இல்லாமல். அப்புறம் திண்ணைதான். உனக்குத் தெரிந்ததுதான்.

கண்டித் தாத்தாவின் நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது என்று உங்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். கரையான் இல்லை. நான்தான் வெந்நீர் அடுப்பில் போட்டேன். அவர் செத்த பிறகுகூட இல்லை, திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே. எனக்கு இருபது வயது. அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள், வருகிறவர்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்து, இவர் யார், ஏன் திரும்பி வந்தார் என்று கேட்பார்களே என்ற வெட்கம். மொத்தம் பதினோரு நோட்டு. லத்தீன், ஓரத்தில் பொடி எழுத்தில் தமிழ். அவர் புகையைப் பார்த்தார். "வெந்நீர் ஆயிட்டுதாடே?" என்று மட்டும் கேட்டார்.

பெண் பார்க்க வந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. நம் வீட்டிலும் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. நீ போன லீவுக்கு வந்தபோது, கிணற்றடியில், "அப்பா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாய். மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேசி நான் நழுவிவிட்டேன்.

வருஷங்கள் சரியா என்று பார். சனிக்கிழமை ஏழு மணிக்கு மேல் அம்மா ஜெபமாலைக் கூட்டத்துக்குப் போய்விடுவாள். வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். போன் போடு.

அப்பா