எம்.ஏ. இங்கிலீஷ் ப்ராஜெக்ட்: சனிக்கிழமை லைப்ரரி போறோம்

எல்லாருக்கும் வணக்கம். வர்ற 14ஆம் தேதி சனிக்கிழமை காலைல 10 மணிக்கு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் வாசல்ல மீட் பண்றோம், ப்ராஜெக்ட் இருக்கறவங்க கண்டிப்பா வாங்க.

1. டாபிக்க ஒரே வரில எழுதிட்டு வாங்க. ஷேக்ஸ்பியர்னு மட்டும் போட்டா பத்தாது, எந்த நாடகம், அதுல என்ன கேள்வினு இருக்கணும்.

2. லைப்ரரில புக்க சப்ஜெக்ட் வாரியா அடுக்கற டூயி நம்பர் தெரிஞ்சுக்கோங்க, இங்கிலீஷுக்கு: 420 மொழி, 821 கவிதை, 822 நாடகம், 823 நாவல். ஷேக்ஸ்பியருக்கு தனியா 822.33. தேடின புக் கிடைச்சதும் கிளம்பிடாம அதே ரேக்ல பக்கத்துல இருக்கறதையும் புரட்டுங்க, கடைசில இருக்கற பிப்ளியோகிராஃபிய (அந்த ஆசிரியர் பயன்படுத்தின புக் லிஸ்ட்) குறிச்சுக்கோங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும்.

3. ஆன்லைன்ல ஆர்ட்டிகிள் தேடறப்ப முழு கேள்விய அடிக்காதீங்க, சேர்ந்தே வரவேண்டிய வார்த்தைகளுக்கு டபுள் கோட்ஸ் போடுங்க. இந்திய பிஎச்டி தீசிஸ் சோத்கங்கா வெப்சைட்ல ஃப்ரீயாவே இருக்கு.

4. நோட்ஸ் எடுக்கறப்பவே ஆசிரியர், பதிப்பகம், வருஷம், பக்க எண் எழுதிடுங்க ப்ளீஸ், எம்எல்ஏ (MLA) ஸ்டைல் கைடு 9வது எடிஷன்படி எதுலேர்ந்து எடுத்தோம்னு குறிப்பிடும்போது இதெல்லாம் கட்டாயம் வேணும்.

5. காலேஜ் ஐடி மறக்காதீங்க.

வர்றவங்க வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள பேரும் டாபிக்கும் இங்கயே போடுங்க, வர முடியாதவங்களும் சொல்லிடுங்க.