குளிரில் பைனாகுலர்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டிறுதி விடுமுறையில் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்குப் போகிறவர்களுக்காகத் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். பனியில் விளையாடவும் படம் எடுக்கவும் போகும் நம் குடும்பங்களுக்குப் பறவைகளையும் காட்ட வேண்டும் என்று நினைத்த கட்டுரையாளருக்கு என் நன்றி. அங்குள்ள சுருயி கிராமத்தின், உச்சந்தலை சிவந்த பெரிய கொக்குகளைப் பற்றி அவர் எழுதியது மிக நன்று. ஜப்பானில் அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்த இனம் அது. 1924-இல் குஷிரோ சதுப்பு நிலத்தில் ஒரு சிறு கூட்டம் மிஞ்சியிருப்பது தெரியவந்து, அதிலிருந்துதான் மீண்டும் பெருகியது. நம் பிள்ளைகள் அதை நேரில் பார்க்கட்டும்.

ஆனால் பைனாகுலர் பற்றிய ஒரு வரியைத் திருத்தியே ஆக வேண்டும். நைட்ரஜன் நிரப்பியதாகப் பார்த்து வாங்கினால் குளிரில் கண்ணாடி மங்காது என்று எழுதியிருக்கிறார். இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம்பிப் பலர் ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கொட்டிவிட்டு, அங்கே போய் ஒன்றும் தெரியாமல் நிற்பார்கள்.

நைட்ரஜனோ ஆர்கானோ அடைத்து, ரப்பர் வளையங்களால் இறுக மூடிய பைனாகுலருக்குள் ஈரக்காற்று கிடையாது. ஆகவே உள்பக்கம் வியர்க்காது. அந்த வாயுவின் வேலை அத்துடன் சரி. வெளிப்பக்கக் கண்ணாடி ஈரக்காற்றைவிடக் குளிர்ந்திருந்தால் அதில் நீர் கோக்கத்தான் செய்யும். என்ன விலை கொடுத்தாலும் அதைத் தடுக்க முடியாது. பினாங்குக்காரர்களுக்கு இது தெரியாததா? ஏர்கோன் அறையில் இரவெல்லாம் கிடந்த பைனாகுலரை விடியற்காலையில் வெளியே கொண்டுவந்தால் பால் ஊற்றியதுபோல் ஆகிவிடும். ஆயர் ஈத்தாம் டாலாம் சதுப்புக் காட்டில் பறவைகள் துள்ளித் திரியும் முதல் அரைமணி நேரத்தைக் கண்ணாடி துடைத்தே கழிக்கிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். முதல் நாள் இரவே ஏர்கோன் இல்லாத கூடத்தில் வைத்துவிட்டு, காரில் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு போனால் இந்தத் தொல்லையே இல்லை.

ஹொக்கைடோவில் இது தலைகீழ். அங்கே வெளியே குளிரும் வறண்ட காற்றும். ஈரமும் வெப்பமும் இருப்பது அறைக்குள். ஆகவே ஆபத்து வெளியே போகும்போது அல்ல, உள்ளே வரும்போதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடும் நண்பர்களோடும் சுருயி போயிருந்தோம். அங்கே ஒத்தொவா பாலத்தில் நின்றால், உறையாமல் ஓடும் ஆற்றில் கொக்குகள் இரவு தங்கி எழுவதைப் பார்க்கலாம். விடிகிற நேரம், பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரிக்கு மேல் குளிர். என் மைத்துனர் கம்பளிக் கழுத்துத்துணியை மூக்குவரை இழுத்துச் சுற்றியிருந்தார். விடும் மூச்சு முழுவதும் மேலே ஏறி, கண் வைக்கும் பக்கத்து லென்ஸில் பட்டு, பட்ட நொடியில் உறைந்தது. வெள்ளையாக ஒரு மெல்லிய ஏடு. அவர் இன்னும் கொஞ்சம் ஊதி, அதே கம்பளியின் நுனியால் அழுத்தித் தேய்த்தார். அந்தத் தேய்ப்பில் லென்ஸின் மேல்பூச்சில் விழுந்த கீறல்கள் இன்றும் வெயிலில் பிடித்தால் தெரிகின்றன.

அன்று நண்பகலில் தங்குமிடத்துக்குத் திரும்பியதும் அடுப்பருகே மேசைமேல் இரண்டு பைனாகுலர்கள். ஒன்று மைத்துனருடையது, நைட்ரஜன் அடைத்தது. மற்றொன்று நண்பர் ஒருவரின் பழைய, மூடாத வகை. இரண்டும் சொட்டச் சொட்ட வியர்த்தன. மைத்துனருடையது ஒரு மணி நேரத்தில் காய்ந்து தெளிந்தது. உள்ளே ஒரு துளியும் போகவில்லை. நண்பருடையதில் உள்பக்கப் பட்டகத்திலேயே ஆவி படிந்து, மறுநாளும் மங்கலாகவே இருந்தது. பினாங்குக்குத் திரும்பியபின் நம் ஊர் ஈரப்பதத்தில் அந்த இடத்தில் நூல் நூலாகப் பூஞ்சணம் பிடித்தது. நைட்ரஜன் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அந்த மேசையிலேயே கண்டுகொள்ளலாம்.

இத்தனைக்கும் வழி மிக எளிது. அறைக்குள் நுழைவதற்கு முன், வெளியே குளிரில் நிற்கும்போதே, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் பைனாகுலரைப் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடிவிடுங்கள். உள்ளே வந்தபின் நீர் பையின் மேல் கோக்கும், கண்ணாடியில் அல்ல. இரண்டு மூன்று மணி நேரம் திறக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு அது வந்தபின் திறந்தால் போதும். அவசரப்பட்டு ஹீட்டர் முன்னாலோ ஹேர் டிரையர் எதிரிலோ காட்டவே கூடாது. ஒட்டும் பசையும் ரப்பர் வளையமும் கெடும். பயண நிறுவனங்கள் கொடுக்கும் பட்டியலில் சூட்டுப் பொட்டலம், தெர்மல் உடை எல்லாம் இருக்கின்றன, இந்தச் சில காசுப் பையை மட்டும் காணோம்.

வெளியில் இருக்கும்போது பைனாகுலர் வெளியிலேயே, மேல்சட்டைக்கு மேல் தொங்கட்டும். கதகதப்பாக இருக்கட்டும் என்று சட்டைக்குள் விட்டால் உடம்பின் ஈரம் அதில் படியும். மூச்சைக் கீழ்நோக்கி விடுங்கள், கழுத்துத்துணி மூக்குக்குக் கீழே இருக்கட்டும். லென்ஸில் மூச்சு உறைந்துவிட்டால் சுரண்ட வேண்டாம். மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, போகாததை அப்படியே விடுங்கள். ஃபோக்கஸ் சக்கரம் கெட்டிப்பட்டால் பயப்படத் தேவையில்லை, உள்ளிருக்கும் கிரீஸ் குளிரில் இறுகுவதுதான் காரணம். பலம் கொண்டு திருகாமல் மெதுவாகத் திருப்புங்கள். மெல்லிய கையுறைக்கு மேல் தடித்த கையுறை போட்டால், மேலுள்ளதை மட்டும் கழற்றி அந்தச் சக்கரத்தைத் தொடலாம்.

ஹொக்கைடோவின் கடற்கரை ஊரான ரவுசுவில் பலர் காருக்குள் இருந்தபடியே கடற்கழுகுகளைப் பார்ப்பார்கள். ஹீட்டரைப் போட்டுச் சன்னலை இறக்கினால் சூடான காற்று வெளியே பாயும். அதனூடே பார்த்தால் கழுகின் உருவம் நடுங்குவதுபோல் தெரியும். கண்ணாடியைக் குறை சொல்லாமல் ஹீட்டரை அணையுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. டிசம்பரில் குஷிரோவில் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். கொக்குகள் ஆற்றுக்குத் திரும்புவதும் அந்த மங்கிய வெளிச்சத்தில்தான். பைனாகுலரில் 8x42 என்று போட்டிருந்தால் 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுக்க, கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மில்லிமீட்டர். இது பெரிதாக இருந்தால் மங்கிய வெளிச்சத்திலும் நன்றாகத் தெரியும். சட்டைப்பையில் அடங்கும் 8x25-இல் அது ஏறக்குறைய 3 தான். எடை கூடினாலும் 42-ஐயே எடுத்துச் செல்லுங்கள்.

ஊர் திரும்பும்போதும் இதே கவனம் வேண்டும். விமானத்தின் சரக்கறையில் குளிர்ந்து வந்த பெட்டியைப் பாயான் லெப்பாஸ் விமான நிலைய வாசலில், நம் புழுக்கத்தில் திறந்து, பைனாகுலரை எடுத்துக் காட்டுகிறவர்கள் உண்டு. பெட்டி வீட்டில் சில மணி நேரம் மூடியே இருக்கட்டும். பிறகு எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். விடுமுறைக்கு இன்னும் சில வாரங்கள் இருப்பதால், அந்த நைட்ரஜன் வரிக்கான திருத்தத்தை அடுத்த ஞாயிறு மலரிலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு.