முகத்தில் பூசும் மண்: எந்த மண் என்று கேட்க வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மகளிர் பகுதியில் அண்மையில் வெளிவந்த அழகுக் குறிப்பு, மண் பூச்சு இயற்கையானது என்பதால் எல்லார் முகத்துக்கும் ஏற்றது என்றும், பூசினால் நிறம் கூடும் என்றும், அது நன்கு காய்ந்து வெடிக்கும் வரை வைத்திருந்து கழுவ வேண்டும் என்றும் கூறியிருந்தது. எந்த மண் என்பதை மட்டும் ஓரிடத்திலும் சொல்லவில்லை. டர்பனில் மருந்துக் கடையொன்றில் நெடுங்காலம் பணிபுரிந்து, பெட்டிகளின் பின்புறத்தில் உள்ள பொடி எழுத்துகளைப் படித்துப் பழகியவள் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குழாயில் அடைத்து விற்கப்படும் மண் பூச்சைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் முதலில் நிற்பது தண்ணீர்தான். அதையடுத்துக் கயோலின், கிளிசரின், பெண்டோனைட் ஆகியவையும், அவற்றின் பின்னே ஃபீனாக்சிஎத்தனால் போன்ற கெடாமல் காக்கும் பொருளும், வாசனையும், சி.ஐ. 77491 என்பது போன்ற, நிறப்பொருளைக் குறிக்கும் ஓர் எண்ணும் வரும். எடையில் மிகுந்ததை முதலில் எழுதி, குறைந்ததை நோக்கி வரிசையாக இறங்குவதே பட்டியலின் முறை. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். ஐரோப்பிய விதிகளின்படி ஃபீனாக்சிஎத்தனால் ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே, முன்புறத்தில் பெரிய எழுத்தில் பாராட்டப்படும் சாக்கடல் சேறோ எரிமலை மண்ணோ பட்டியலில் ஃபீனாக்சிஎத்தனாலுக்கும் பின்னால் ஒதுங்கி நின்றால், அது பெயருக்குச் சேர்க்கப்பட்டது என்று கொள்வதில் தவறில்லை. அந்த 77491 சிவப்பு இரும்பு ஆக்சைடு, 77499 கறுப்பு. தீங்கற்றவைதாம், ஆனால் 'எரிமலை' நிறத்தில் பாதி அங்கிருந்து வந்திருக்கலாம்.

மண்ணிலும் வகை உண்டு. வெள்ளைக் களிமண்ணான கயோலின் நீரில் ஊதிப் பெருகுவதில்லை. எண்ணெயையும் அளவாகவே இழுக்கும் என்பதால் வறண்ட தோலுக்கும் ஓரளவு ஒத்துப்போகும். பெண்டோனைட்டோ தண்ணீரைக் குடித்துப் பல மடங்கு உப்பி, தோலின் எண்ணெயை வலுவாக உறிஞ்சும். நம் வீடுகளில் புழங்கும் முல்தானி மட்டி ஒரே கனிமத்தின் பெயரன்று. எண்ணெயை உறிஞ்சும் களிமண்களுக்கு வழங்கிவரும் பொதுப்பெயர் என்பதால், ஒரு கடையில் வாங்கியதும் மற்றொரு கடையில் வாங்கியதும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எதுவாயினும் முழுதும் காய்ந்து தோலை இறுக்கிப் பிடிக்கும் வரை காத்திருப்பது தேவையற்றது. ஓரங்கள் வெளிறத் தொடங்கும்போதே கழுவிவிடலாம். உடலின் நச்சை மண் வெளியே இழுக்கிறது என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. எலுமிச்சைச் சாற்றில் குழைக்கச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடலாம், அந்தப் புளிப்பே தோலை எரிக்கப் போதும்.

குழாயைவிட எனக்குக் கவலை தருவது, சிறு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, மேலே எடையும் ராண்டு விலையும் மட்டும் எழுதி விற்கப்படும் பொடிதான். மண் என்பது பாறை சிதைந்து வந்தது. அது எடுக்கப்படும் இடத்தைப் பொறுத்து ஈயமும் ஆர்செனிக்கும் இயல்பாகவே அதில் இருக்கக்கூடும். 2016இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஈயம் மிகுந்த பெண்டோனைட் பொடி ஒன்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று மக்களை எச்சரித்தது. அழகுப் பொருள்களில் ஈயம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கைத் தாண்டலாகாது என்ற பரிந்துரையையும் அதே ஆண்டு முன்வைத்தது. பூசுவதைவிட விழுங்குவதில்தான் ஈயத்தின் ஆபத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் பொடி காற்றில் பறக்கும், உதட்டில் ஒட்டும், பக்கத்தில் குழந்தை இருந்தால் கிண்ணத்தில் விரலை விடும்.

வார்விக் சந்தையில் உருண்டைகளாக விற்கப்படும் இபோம்வு என்னும் செம்மண்ணையும் இங்கே குறிப்பிட வேண்டும். வெயிலில் வேலை செய்யும் ஜூலுப் பெண்கள் முகத்தில் அதைப் பூசுவதை டர்பன்வாசிகள் அனைவரும் கண்டிருப்போம். அதன் மரபை நான் மதிக்கிறேன். ஆயினும் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய மண்களைச் சோதித்தபோது வெயிலைத் தடுக்கும் திறன் குறைவாகவே இருந்தது என்பதால், சூரியத் தடுப்புக் களிம்புக்கு மாற்றாக அதை நம்ப வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, அக்குறிப்பில் இருந்த 'நிறம் கூடும்' என்ற சொற்றொடர். தோலின் நிறமியை மாற்றும் ஆற்றல் எந்தக் களிமண்ணுக்கும் கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கும் இறந்த செல்களும் நீங்கி முகம் சற்றுத் தெளிவாகத் தெரியலாம், அவ்வளவே. ஆகையால் ஒரு மண் பொடி சில வாரங்களில் உண்மையாகவே நிறத்தை வெளுக்கச் செய்தால், மண்ணைத் தவிர வேறெதுவோ, எழுதப்படாத ஒன்று, அதில் கலந்திருக்கிறது என்றுதான் ஐயுற வேண்டும். அது தோலை வெளுக்கச் செய்யும் ரசாயனமான ஹைட்ரோகுயினோனாகவோ பாதரசமாகவோ இருக்கக்கூடும். இதன் விலையை இந்த நாடு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. ஹைட்ரோகுயினோன் களிம்புகளால் கன்னங்களில் நீலக் கறுப்புத் திட்டுகள் படர்வதை 1975இல் மருத்துவ இதழில் விவரித்தவர்கள் தென்னாப்பிரிக்க மருத்துவர்களே. அந்தத் திட்டுகள் எளிதில் மறைவதில்லை. 1990இல் அழகுப் பொருள்களில் ஹைட்ரோகுயினோனைத் தடைசெய்து அரசு விதி இயற்றிய பிறகும், சட்டத்துக்குப் புறம்பான களிம்புகள் சந்தையில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

எனவே ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது மண்ணின் பெயரையும், யாருடைய தோலுக்கு அது பொருந்தாது என்பதையும் சேர்த்து எழுதச் செய்யுங்கள். முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி இரண்டு நாள் பார்த்த பின்னரே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்க்கலாம். நிறம் கூடும் என்ற வாக்குறுதியை அடுத்த பதிப்பிலேயே திருத்தி வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்.