சொன்னது ஏன் பதிவதில்லை: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

உன் மாமியார் அரை மணி நேரத்துக்குள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், ஆனால் பள்ளித் தோழிகளின் பெயர்களை மட்டும் வரிசையாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். வேண்டுமென்றே செய்கிறாரோ என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடு. இது அல்சைமர் நோயாக இருந்தால், புதிய நினைவு உள்ளே போகும் பாதையில்தான் முதல் அடி விழுகிறது.

காதுக்கு நேர் உள்ளே, மூளையின் அடிப்பக்கத்தில், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. நாம் பார்ப்பதும் கேட்பதும் எண்டோரைனல் கார்டெக்ஸ் என்ற சிறு பகுதியின் வழியாகத்தான் பெரும்பாலும் அங்கே போய்ச் சேரும். அனுப்பும் வேலையில் முக்கியப் பங்கு அதன் இரண்டாம் அடுக்கு நரம்பணுக்களுக்கு. மறதி மிக லேசாக இருந்த கட்டத்திலேயே இறந்தவர்களின் மூளையில், அந்த அடுக்கில் பாதிக்கும் மேல் அழிந்திருந்ததை 1996இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நீ சொன்ன பதில் அவரிடம் பதியவே இல்லை, அதனால் அவருக்கு ஒவ்வொரு முறையும் அது முதல் கேள்விதான். பள்ளி நினைவுகளோ பல ஆண்டுகளாக மூளையின் மேற்புறணியில் பரவி ஊறியவை. அந்தப் பகுதிகள் செயலிழப்பது பின்னால்தான்.

அழிப்பதில் முன்நிற்பது டாவ் என்ற புரதம். நரம்பணுவின் நீண்ட இழைக்குள் சரக்குப் போக்குவரத்து நடக்கும் நுண்குழாய்களை அது தாங்கி நிற்கிறது. அதன்மேல் பாஸ்பேட் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறி ஏறினால் டாவ் கழன்று, நரம்பணுவுக்குள்ளேயே முறுக்கிச் சிக்காகிவிடும். இந்தச் சிக்கு எண்டோரைனல் பகுதியை ஒட்டித் தொடங்கி, ஹிப்போகாம்பஸுக்குப் போய், கடைசியில் புறணி முழுவதும் பரவுவதை ஹைக்கோ பிராக், ஈவா பிராக் இருவரும் 1991இல் ஆறு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்கள்.

இன்னொரு புரதம் பீட்டா அமைலாய்டு. 42 அமினோ அமிலம் கொண்ட ஒட்டும் துண்டு அது, நரம்பணுக்களுக்கு வெளியே படிகிறது. மறதி தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே சேரத் தொடங்கிவிடும். ஆனால் படிவு எவ்வளவு என்பதை வைத்து மறதியை அளக்க முடியாது. நிறையப் படிவோடு நல்ல நினைவாற்றலுடன் இருப்பவர்கள் உண்டு. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சினாப்ஸ்கள் எவ்வளவு போயின என்பதுதான் மறதியோடு நெருக்கமாக ஒத்துப்போகிறது. அமைலாய்டை அகற்றும் லெக்கனெமாப் போன்ற புதிய மருந்துகள் ஆரம்பக் கட்டத்துக்கு மட்டுமே; நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது. மூளையில் வீக்கமோ கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருக்கும்.

மருத்துவர் சில சொற்களைச் சொல்லி, சிறிது நேரம் கழித்துக் கேட்பார். அப்போது கவனித்துப் பார். "அது ஒரு பழம்" என்று துப்புக் கொடுத்ததும் வந்துவிட்டால், பதிவு இருக்கிறது, எடுப்பதில்தான் தடங்கல். மனச்சோர்விலும் தூக்கக் குறைவிலும் பெரும்பாலும் இப்படித்தான். துப்புக் கொடுத்தும் வராமல், பட்டியலில் இல்லாத வேறொரு பழத்தைச் சொன்னால் சந்தேகம் ஹிப்போகாம்பஸ் பக்கம் திரும்பும். இதை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல மாட்டார்கள்.

வைட்டமின் பி12, தைராய்டு, காது கேட்கும் திறன் மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போ. டைபென்ஹைட்ரமின் போன்ற பழைய அலர்ஜி மாத்திரைகளும், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்சிபியூட்டினினும், நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுப்பவை. இந்த நோயில் அதுவே ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும். குழப்பம் இரண்டு மூன்று நாளில் திடீரென்று கூடினால் அல்சைமர் என்று விட்டுவிடாதே. கிருமித் தொற்றோ தலைக்குள் ரத்தக் கசிவோ இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

வீட்டில், "இப்போதுதானே சொன்னேன்" என்ற பேச்சே வேண்டாம். நடந்தது மறந்த பிறகும் அது தந்த வருத்தம் மனதில் தங்கும். அதே பதிலை, அதே சொற்களில், சுருக்கமாகச் சொல். அதை ஒரு பலகையில் பெரிதாக எழுதி, அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு எதிரே மாட்டு. சாவிக்கும் கண்ணாடிக்கும் ஒரே இடம் வை, மாற்றாதே. பழக்கத்தால் கைக்கு வரும் வேலைகளை மூளையின் வேறு பகுதிகள் பார்த்துக்கொள்கின்றன, அவை நீண்ட நாள் தாங்கும்.

மருத்துவரிடம் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்: மறதி எப்போது தொடங்கியது, படிப்படியாகவா திடீரென்றா, பணக் கணக்கில் தவறுகிறாரா, தெரிந்த பாதையில் வழி தடுமாறுகிறாரா. கடைசியை மறக்காமல் கேள். திசை அறியும் நரம்பணுக்களும் அந்த எண்டோரைனல் பகுதியில்தான் இருக்கின்றன.

அன்புடன்,
அம்மா